ஒன்பதாம் சேனல்

அவரை நல்லவர் என்றுதான் டவுன்ஷிப்பில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் இல்லையென்று சொல்ல வாய் வராது. அதுதான் எரிச்சல். கெட்ட மனிதர் ஒருத்தர் அதைச் செய்திருந்தால் இரண்டு வாரம் திட்டித் தீர்த்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

பெயர் வேண்டாம். எங்கள் சர்ச்சில் அவரைச் சவுண்டு அண்ணன் என்றே கூப்பிடுவோம். அனல்மின் நிலையத்தில் மீட்டர்களைப் பராமரிக்கிற பிரிவில் பர்மனன்ட் வேலை. ஐம்பதை நெருங்கிய ஒல்லி உடம்பு. சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் குத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சவுண்டு மிக்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதினாறு சேனல் மிக்சர். பாஸ்டருக்கு ஒரு மைக், வேதம் வாசிக்க ஒன்று, பாடுகிற குயருக்கு நாலு, கீபோர்டு, இப்படிப் போய் ஒன்பதாம் சேனலில் என் கிட்டார். எங்கள் குயரில் கிட்டார் வாசித்தது நான் ஒருத்திதான்.

அவருக்கு ஒரு குணம். யார் முகத்தைப் பார்த்தும் ஒரு குறை சொல்லமாட்டார். சொல்லமாட்டார் என்றால் சும்மா இல்லை, செத்தாலும் சொல்லமாட்டார். "ஆளாண்ட சொன்னா மனசு நோவும்மா. நாபாண்ட சொன்னா அதுக்கு இன்னா நோவப்போவுது?" என்பார். நாப் என்றால் மிக்சரில் திருகுகிற குமிழ்.

வேதம் வாசிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். கனத்த குரல். வாராவாரம் ஆராதனைக்கு முன்னால் மிக்சர் பக்கம் வந்து, "தம்பி, என் குரலுக்கு இன்னும் கொஞ்சம் எக்கோ வையி" என்பார். அந்தக் குரலுக்கு எக்கோ வைத்தால் ஒரு வார்த்தை புரியாது. அதை அண்ணன் அவரிடம் சொல்லலாம் இல்லையா? சொல்லமாட்டார். "சரிங்கய்யா" என்று பவ்யமாகப் பதினாறாம் சேனலின் குமிழைத் திருப்புவார். பதினாறில் ஒன்றும் சொருகியிருக்காது. "இப்ப எப்டிங்கய்யா இருக்குது?" என்று கேட்பார். பெரியவர் மைக்கில் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, "ஆங், இப்பத்தான் குரல் குரலா இருக்கு" என்று போவார். அண்ணன் என் பக்கம் திரும்பி ஓரக்கண்ணால் சிரிப்பார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். அடுத்தவர் ஏமாறும்போது எவ்வளவு இனிப்பாக இருக்கிறது பாருங்கள்.

அவர் மனைவி நேர் எதிர். மனதில் இருப்பது வாயில் வந்துவிடும். ஒருநாள் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது என்னிடம் பொரிந்து தள்ளினாள். "இருவது வருசமா நான் கொழம்புல உப்பு கம்மியா போட்டுகினு இருக்கேனாம். இவரு ஒரு நாளு சொல்லல. எனக்குத் தெரியாம எழுந்து போயி உப்பு அள்ளிப் போட்டுகினு வந்து துன்னுகினு இருந்திருக்காரு. போன வாரம் எங்க நாத்தனா வந்து சொல்லித்தான் எனக்கே தெரியுது. வந்தவங்க போனவங்க எல்லாம் இன்னா நெனச்சிருப்பாங்க?" அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதோ வயரைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுகூட அவளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இன்னொன்றும் அவளே சொன்னதுதான். அவருக்குக் கீழே காண்ட்ராக்டில் ஒருவர் வேலை பார்த்தார், நாற்பது வயதுக்காரர். மீட்டரில் இருப்பதை ரெஜிஸ்டரில் தப்புத் தப்பாக எழுதுவாராம். அண்ணன் அவரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே திருத்தி எழுதிவிட்டு வருவார். ஒருமுறை அண்ணன் லீவில் இருந்தபோது தப்பு வெளியே வந்தது. காண்ட்ராக்டர் அந்த ஆளை அடுத்த மாதம் எடுக்கவில்லை. தனக்கு எழுதத் தெரியவில்லை என்பதே அந்த மனிதருக்கு அன்றைக்கு வரை தெரியாது. இதைக் கேட்டபோது எனக்கு லேசாக ஒரு நெருடல் வந்தது உண்மை. ஆனால் பாவம், இளகின மனசு என்று விட்டுவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். புதுச்சேரியில் பார்மசி படித்தபோது ஹாஸ்டலில் அறைத்தோழி ஒருத்தி கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. நான் மெயின் பஜாரில் ஒரு மருந்துக்கடையில் இருந்தேன். நாள் முழுக்க, "இது சாப்பாட்டுக்கு முன்னால, இது பின்னால" என்று சொல்லிச் சொல்லியே வாய் வறண்டுவிடும். புயலில் எங்கள் ஊர்ப் பக்கம் முந்திரியெல்லாம் படுத்ததற்கு அடுத்த வருஷம் குயரில் சேர்ந்தேன். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் நான் வாசிப்பது இருநூறு பேர் காதில் விழுகிறது. அந்த நினைப்பில்தான் மற்ற ஆறு நாளும் எனக்கு ஓடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்னுடையது என்று சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

குயர் பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம். கடையில் கூட்டம் நெரிகிற நேரம், என்னால் போக முடியாது. பாட்டுப் பட்டியலை வாங்கி வீட்டில் தனியாக வாசித்துப் பழகிக்கொண்டு ஞாயிறு காலையில் நேராகப் போய் நிற்பேன்.

முதல் மாதம் கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக் வைத்து வாசித்தேன். குயர் பாடுவதெல்லாம் அதில் விழுந்தது. கொஞ்சம் ஏற்றினால் ஸ்பீக்கர் கூவியது. அண்ணன் அடுத்த வாரமே சொன்னார். "மைக்கு வேணாம்மா. கிட்டாருலயே மாட்டுற பிக்கப் போட்டுடலாம். உங்க கிட்டாருக்கு எது பொருந்துதுன்னு நான் பாக்குறேன்."

பார்த்தார். அப்படிப் பார்த்தார். கிட்டாரின் வட்டத் துளையில் மாட்டுகிற காந்தப் பிக்கப் ஒன்றை முதலில் மாட்டினோம். கம்பிச் சத்தம் மட்டும் வந்தது, மரத்தின் சத்தம் வரவில்லை. கீழே இருக்கிற இரண்டு மெல்லிய கம்பிகள் மட்டும் தனியாகக் கத்தின. "இது எலக்ட்ரிக் கிட்டாரு மாதிரி ஆயிடுச்சிம்மா, உங்க கிட்டாரு எங்க போச்சி?" என்று கழற்றிவிட்டார். அடுத்து பொட்டு மாதிரி ஒட்டுகிற பீசோ பிக்கப். பலகை அதிர்வதை எடுக்கிற சமாச்சாரம். அதை ஒரு சாயங்காலம் முழுக்க இங்கே ஒட்டி, அங்கே ஒட்டி, காது வைத்துக் கேட்டுக் கேட்டு இடம் தேடினார். மரத்தின் சத்தம் வந்தது, கூடவே என் வளையல் இடிப்பது, உள்ளங்கை உரசுவது எல்லாம் வந்தது. கடைசியில் கம்பிகள் ஏறி உட்காருகிற வெள்ளைத் துண்டுக்கு, சேடில் என்பார்கள், அதற்கு அடியில் வைக்கிற பிக்கப்புக்கு வந்து நின்றார். அதன் தடிமனுக்குச் சேடிலின் அடியை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஒரு மயிரிழை கோணலாகத் தேய்த்தாலும் ஒரு கம்பி ஊமையாகிவிடும். மூன்று நாள் தேய்த்தார், அவசரமே படாமல்.

"இதோட கொரலு ரொம்ப சன்னம்மா. நேரா மிக்சர்ல குத்துனா அடிச் சத்தமெல்லாம் போயிடும், தகரம் மாதிரி ஆயிடும். நடுவுல ஒரு பிரீஆம்ப் கையப் புடிச்சி கூட்டிகினு போவணும்." பிரீஆம்பை கிட்டாருக்குள்ளேயே பதிக்கலாம், ஆனால் பக்கவாட்டுப் பலகையில் சதுரமாக வெட்ட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது, பார்க்க அழகாக இருக்கும். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெட்டுனத திருப்பி ஒட்ட முடியாதும்மா. பொட்டியா வெளிய வெச்சிக்கலாம்." சென்னையிலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தார். கூவினால் அமுக்க ஒரு ஃபேஸ் பட்டன், கூவுகிற சத்தத்தை மட்டும் கிள்ளி எடுக்க ஒரு குமிழ், ஒன்பது வோல்ட் பேட்டரி. அதை மாட்டி, என் காலடியில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரில் முதல் தடவை கேட்டபோது நிறுத்தாமல் மூன்று பாட்டு வாசித்தேன். என் கிட்டார்தான். ஆனால் பெரிசாக, உருண்டையாக, மரவாசனையோடு.

இப்படி மூன்றரை வருஷம். சத்தத்தில் எனக்கு ஏதாவது குறை தோன்றினால் போதும், திங்கட்கிழமையே கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிடுவார். ஆராதனை முடிந்து எப்படி இருந்தது என்று கேட்டால் ஒரே பதில்தான், "அருமையா இருந்துச்சிம்மா." சபையிலும் சொல்வார்கள். "இன்னைக்கு கிட்டார் தூள்." ஊரிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாச் சத்தத்துலயும் உன்னுது தனியா தெரிஞ்சுதுடி" என்றாள்.

வடலூரில் ஒரு கல்யாணம். குயரில் பாடுகிற ஒருவரின் மகளுக்கு. மண்டபத்து வரவேற்பில் எங்கள் குயர் மூன்று பாட்டுப் பாட வேண்டும். மண்டபத்திலேயே சவுண்டு செட்டும் ஆளும் உண்டு. அன்றைக்கு அண்ணனுக்கு ஷிப்ட். முந்தின நாள் அவரே கடைக்கு வந்தார்.

"வடலூருக்கு கிட்டாரு வேணாமேம்மா."

"ஏண்ணே?"

"அந்த செட்டுக்கு நம்ம பிரீஆம்ப் ஒத்துவராது. கூவிடும்."

"கூவினா ஃபேஸ் பட்டன அமுக்கிக்கிறேன். நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க?"

"அதுக்கில்லம்மா..." என்று இழுத்தார். கவுண்டரில் இருந்த இருமல் மருந்து பாட்டிலை எடுத்து எதையோ படிக்கிற மாதிரி பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, "சரி. பொட்டிய குடுங்க, பேட்டரி மாத்தி எடுத்தாறேன்" என்றார். புது பேட்டரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டும் போனார்.

மண்டபத்து சவுண்டுக்காரர் பாக்கு மென்றுகொண்டே, "கிட்டாருதான் மேடம் அழகே. தூக்கி உட்டுர்றேன் பாருங்க" என்றார். தூக்கி விட்டார். முதல் தந்தி மீட்டியதும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது என் சத்தம். அப்படி நான் கேட்டதே இல்லை. எங்கள் சர்ச்சில் ஏன் இப்படித் திரும்பி வராது என்று ஒரு நொடி தோன்றியது, கூரையின் அமைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அடி முடிவதற்குள் பாட்டு கலையத் தொடங்கியது. நான் அடுத்த அடியின் கார்டுக்குப் போய்விட்டேன், குயர் இன்னும் பழைய சொல்லிலேயே இழுத்துக்கொண்டு நிற்கிறது. சரி, அவர்கள்தான் பிந்துகிறார்கள் என்று நான் என் வேகத்தில் போனேன். பாதிப் பேர் என்னோடு ஓடி வந்தார்கள், பாதிப் பேர் குயர் லீடர் கையைப் பார்த்து நின்றார்கள். கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். லீடர் திரும்பி, "கிட்டார நிப்பாட்டுங்கம்மா!" என்றார். அது மைக்கில் விழுந்தது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மிச்சப் பாட்டுகளுக்கு நான் கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடி மேடையில் சும்மா நின்றேன்.

திரும்பி வரும்போது வேனில் லீடரின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாகர்கோவில்காரர், சர்ச்சைக் கோயில் என்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, எல்லாவனுக்கும் நடக்கதுதான். நம்ம கோயில்லனா ஒண்ணும் தெரியாது. ஒங்க கிட்டாரு வெளிய வராதுல்லா" என்றார்.

"வராதுன்னா?"

அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டார். "ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றார்.

தெரிந்துகொண்டேன், வேன் நெய்வேலி வருவதற்குள் எல்லாம் தெரிந்துகொண்டேன். மிக்சரில் இரண்டு வழி உண்டு. ஒன்று சபைக்கு, ஒன்று என் காலடி மானிட்டருக்கு. சபைக்குப் போகிற வழியை அடைத்துவிட்டு மானிட்டரை மட்டும் திறந்து வைத்திருக்கிறார். குயர் முழுவதுக்கும் தெரியும். இருபது பேர். எனக்கு மட்டும் தெரியாது. சபையில் பாராட்டியவர்களும், என்னைப் பெற்ற தாயும், என் கை அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தப்பு என்னுடையதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. டவுன்ஷிப்பில் ஆளுக்கொரு ஜில்லா. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் ஒவ்வொரு அடி முடிவிலும் நின்று, இழுத்து, மூச்சு வாங்கிப் பாடுவார்கள். எங்கள் கடலூர்ப் பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சுகளில் அதே பாட்டு ஓட்டமாக ஓடும். எங்கள் லீடர் தெற்குச் சீமைக்காரர், ஆக குயர் அவர் நடையில் பாடும். நான் காடாம்புலியூர் நடையில் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பயிற்சிக்கும் போனதில்லை. மானிட்டரிலாவது குயர் சத்தம் கலந்து வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அதிலும் என் கிட்டாரை மட்டும்தான் விட்டிருந்தார், பக்கத்தில் பாடுவதுகூட என் காதில் விழாத அளவுக்கு நல்ல சத்தமாக.

மறுநாள் மத்தியானம் கிட்டாரோடு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகத்திலேயே தெரிந்தது, செய்தி முன்னாலேயே வந்துவிட்டது.

"உக்காருங்கம்மா. காப்பி..."

"ஒன்பதாம் சேனல் எத்தன வருஷமா கீழ இருக்கு?"

"மொத மாசம் மைக்கு வெச்சிருந்தப்ப மட்டும் உட்டிருந்தேன்மா." தரையைப் பார்த்தபடி சொன்னார். "லீடரு வந்து, கிட்டாரு முந்திகினு ஓடுது, வரவேணாம்னு சொல்லிடுங்கன்னாரு. நீங்க எம்மா ஆசையா வந்தீங்க! நான் எப்டிம்மா சொல்றது? நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு இறக்கிட்டேன்."

"அப்ப இத்தன பிக்கப், பிரீஆம்ப், மூணு நாள் சேடில் தேய்ச்சது எல்லாம் எதுக்கு? யார் கேக்கறதுக்கு?"

"நீங்க கேப்பீங்கல்ல." பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "நானும் கேப்பேன்மா. ஹெட்போன்ல உங்க சேனல மட்டும் போட்டு கேப்பேன். நல்லா இருக்கும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஹெட்போனைத் தேடி உடைத்திருப்பேன். இருநூறு பேருக்கு வாசிக்கிறேன் என்று நினைத்து நான் வாழ்ந்தது ஒரே ஒரு ஆளின் காதுக்குள். அதை முடிவு செய்ய இவர் யார்?

"வடலூர்ல என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே புது பேட்டரி போட்டு அனுப்பினீங்க."

அவர் சட்டைப்பை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில் நின்ற அவர் மனைவிதான், "இப்பவாச்சும் வாயத் தொறயேன்யா" என்றாள்.

"இதக் கழட்டுங்க" என்று கிட்டாரை நீட்டினேன். "நீங்க போட்டது ஒண்ணும் எனக்கு வேணாம்."

மறுக்கவில்லை. பாய் விரித்து, கம்பிகளைத் தளர்த்தி, சேடிலைப் பிடுங்கி, அடியில் இருந்த பிக்கப்பை உருவினார். தேய்த்துவிட்ட உயரத்துக்கு ஒரு மெல்லிய மரச்சீவலை அடியில் கொடுத்தார். புதுக் கம்பி மாட்டி சுருதி சேர்த்தார். நான் வெடுக்கென்று வாங்கி, அதே கல்யாணப் பாட்டை அவர் முன்னாலேயே வாசிக்க ஆரம்பித்தேன். என்ன தப்பு, நீயே சொல் என்கிற வீம்புதான்.

முதல் அடி முடிந்தது. அவர் வாய் திறந்து, குயர் பாடுகிற மாதிரி, கடைசிச் சொல்லை இழுத்துப் பாடினார். நான் அடுத்ததற்கு ஓடப் போனேன். அவர் கையை உயர்த்தினார்.

"இருங்கம்மா. இங்க... இங்க ஓடிப்பூடுறீங்க. நான் மூச்சு வாங்கறேன் பாருங்க. அது வரைக்கும் நில்லுங்க."

நின்றேன். மூச்சு வாங்கினார். பிறகு வாசித்தேன். மறுபடி ஒரு அடி, மறுபடி ஒரு மூச்சு. மூன்றாம் சரணத்தில் அவர் கையை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. நாலாம் சரணத்தில் நான் அவரைப் பார்க்கவே இல்லை. பாட்டும் கிட்டாரும் சேர்ந்து முடிந்தன.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வடலூரில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"இவ்வளவுதானா அண்ணே?" என்றேன். "இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் கிட்டாரை என் மடியிலிருந்து மெல்ல வாங்கி, கட்டரை எடுத்து, முறுக்காணிகளில் நீட்டிக்கொண்டிருந்த புதுக் கம்பிகளின் முனைகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தார். என் விரலில் குத்திவிடக் கூடாதாம்.